வகுப்பிற் பேசாத பிள்ளை

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஆசிரியர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையிலே, இன்னும் மாணவராயிருக்கும் நாம் கற்பிக்கும் முறை பற்றிப் பேசத் துணிவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆயினும், பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலை வாங்கிலே இருந்தெழும்பியவர்கள் நாம். கரும்பலகையருகில் நிற்பவர்க்குப் புலப்படாத சில, வாங்கிலிருப்பவர்க்குப் புலப்படும். அவற்றுள் ஒன்றையே இன்று கூற விரும்புகின்றோம்.

ஆசிரியர் வினாவுகின்றார். முன்வாங்கிலே ஏழெட்டுக் கைகள் உயர்கின்றன. சரியான விடை வருகின்றது. ஆசிரியரும் மகிழ்ந்து அடுத்த பகுதிக்குச் செல்கின்றார். முடிவில், "விளங்கிற்றா?" என்கின்றார். "ஓம், சேர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் சொல்கின்றது. அக்குரலினுள்ளே விளங்காத பிள்ளையின் குரலும் கலந்திருக்கின்றது. நாற்பது பேர் நடுவே எழுந்து, "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

இது சிறு குறையன்று. 1945 ஆம் ஆண்டு இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. ஆனால், வகுப்பினுள் வந்திருந்தும், ஒருவராலும் வினவப்படாமல், ஒரு விடையும் கூறாமல் ஆண்டுகளைக் கழிக்கும் பிள்ளை இன்னும் கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளையே. ஒருநாள் அப்பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டால், வரவு இடாப்பிலன்றி வேறெங்கும் அக்குறை தெரிவதில்லை.

பரிகாரம் யாது? முதலிற் சிறு கணக்கொன்று பார்ப்போம். 40 நிமிடப் பாடம், 40 பிள்ளைகள். ஆசிரியர் வாய் திறவாமலே முழு நேரத்தையும் பங்கிட்டாலும் ஆளுக்கு 1 நிமிடமே கிடைக்கும். ஆகவே, ஒருவர்பின் ஒருவராக வினவி எல்லாரையும் பாடத்தில் ஈடுபடுத்தல் இயலாத காரியம். எல்லாரும் ஒரே வேளையிற் சிந்திக்கவும், எழுதவும், பேசவும் வழி செய்தல் வேண்டும்.

முதலாவது வழி, காத்திருத்தல். அமெரிக்க நாட்டு மேரி பட் றோ என்னும் அம்மையார் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து, 1974 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வினாவிய ஆசிரியர் ஏறக்குறைய 1 விநாடியே பொறுக்கின்றனர். அதற்குள் விடை வராவிடின் தாமே பேசிவிடுகின்றனர் என்பதே அது. 3 விநாடியேனும் பொறுத்தவிடத்து விடைகள் நீண்டன; முன்பு வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். 3 விநாடிக்குச் செலவொன்றுமில்லை. இன்னொன்று: வினாவை முதலிற் கூறிப் பெயரைப் பின்னர்க் கூறுதல் நன்று. பெயரை முதலிற் கூறிவிட்டால் மற்றை 39 பேரும் ஆறுதலடைந்துவிடுவர்!

இரண்டாவது வழி, எல்லாரையும் எழுதுவித்தல். "மூன்றிலொன்று பெரிதா, நான்கிலொன்று பெரிதா?" என்று வினாவி, விடையைக் கொப்பியில் எழுதி உயர்த்திக் காட்டச் சொல்க. நான்கு மூன்றிலும் பெரிதாகையால் நான்கிலொன்றே பெரிதென எண்ணியிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேரென்று ஆசிரியர் ஒரு கணத்தில் அறிவார். கைதட்டி நகைக்க இடங்கொடாமல், "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று அன்போடு வினவின், அப்பிழையே நல்ல பாடமாகும். நகைப்புக்கும் பிரம்புக்கும் அஞ்சும் பிள்ளை மறுமுறை வாய் திறவாது.

மூன்றாவது வழி, அயலிலிருப்பவனோடு பேசவிடுதல். முதலில் தனியே சிந்தித்து, பின் இருவராகக் கலந்து, அதன்பின் வகுப்புக்குச் சொல்லும் முறையை பிராங்க் லைமன் என்பவர் 1981 இல் வகுத்தார். நாற்பது பேருக்குச் சொல்லக் கூசும் பிள்ளை ஒருவனுக்குச் சொல்லக் கூசாது. இன்னும், 1971 இல் ரெக்ஸாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலே, கறுப்பு நிறத்தவரும் வெள்ளை நிறத்தவரும் புதிதாக ஒரே வகுப்பில் இருத்தப்பட்டுப் பகைமை மூண்டபொழுது, எலியட் அரன்சன் என்னும் உளநூலறிஞர் பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தார். அவரவர் பகுதியை அவரவரே மற்றையோர்க்குக் கற்பித்தல் வேண்டும். இகழப்பட்ட பிள்ளையின் பேச்சுக்கும் செவி கொடாவிடிற் பாடம் நிறைவுறாது. பகை தணிந்தது; கல்வியும் வளர்ந்தது.

இவையெல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று சிலர் எண்ணலாம். பிள்ளைக்குப் பிள்ளை கற்பித்தல் நம் திண்ணைப் பள்ளியின் பழைய வழக்கம். சட்டாம்பிள்ளையை நம் பாட்டன்மார் அறிவர். 1789 இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பாடசாலையைப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், சுதேசச் சிறுவர் மணலிலே விரலால் எழுதிப் பயிலக் கண்டு, அதனைத் தம் பாடசாலையிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். 1797 இல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திற் பரவிற்று. ஒப்புவித்தலோடு நின்றுவிட்டமை அதன் குறை. எல்லார் கைக்கும் வேலை கொடுத்தமை அதன் நிறை. நிறையைக் கொள்வோம்.

"இவற்றுக்கெல்லாம் நேரமேது? பாடத்திட்டம் முடியவேண்டுமே, பரீட்சை வருகின்றதே" என்பர் ஆசிரியர். அவர்தம் இடர் மெய்யே. ஆயினும் பணிவோடு ஒன்று கேட்கின்றோம்: பாடம் முடிந்தது யாருக்கு? ஏழெட்டுப் பேருக்கு முடிந்து, மற்றையோர்க்குத் தொடங்காத பாடத்தை முடிந்ததென்று எவ்வாறு சொல்வது?

சகோதரர்களே, இது ஆசிரியர்க்கு மட்டும் உரிய பொறுப்பன்று. நம்மிற் பலர் மாலை வேளைகளில் அயற்சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கின்றோம். இந்தக் கிழமையே அங்கு தொடங்குவோம். "விளங்கிற்றா?" என்ற வினாவை விடுத்து, "எழுதிக் காட்டு" என்போம். வினாவியபின் மூன்று எண்ணும்வரை பொறுப்போம். உயர்ந்த கைகளைப் பாராட்டுவோம். உயராத கைகளைத் தேடிப் போவோம்.