கெடுத்தவனே கட்ட வேண்டும்!

(தோல் தொழிலாளர், மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலாற்றங்கரையில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் ஓடாத நாளிலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரந்த பூமி இது. அந்த ஊற்றையும் கிணற்றையும் நம்பித்தான் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைந்தன. அந்த நிலத்தில் நடவு நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்துத்தான் கூலிக்காரன் வீட்டில் உலை கொதித்தது.

பிறகு தோல் ஷாப்புகள் பெருகின. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பும், மயிர் நீக்கப் போட்ட சுண்ணாம்பும், பதனிடப் போட்ட குரோமியமும் அந்தத் தண்ணீரோடு வெளியே வருகின்றன. சுத்தம் செய்வதென்றால் பணம் செலவாகும். வாய்க்காலில் திறந்து விட்டால் செலவில்லை. முதலாளிகள் எந்த வழியைப் பிடித்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்பு வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம், பாதியாகவோ முழுதாகவோ, சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்துச் சொன்னது.

லாபம் முதலாளியின் பெட்டிக்கு. உப்பு நம் கிணற்றுக்கு. இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

சட்டம் சொல்வது என்ன?

தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்று 1974-லேயே சட்டம் வந்தது. போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகம் இருந்தது, கழிவும் ஓடிக்கொண்டிருந்தது. வேலூர் மக்கள் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. அதில் மூன்று விஷயங்களை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஒன்று: வருமுன் காக்க வேண்டும். மீள முடியாத கேடு வரும் என்ற அபாயம் தெரிந்தால், விஞ்ஞானிகள் முழு முடிவு சொல்லட்டும் என்று சர்க்கார் கைகட்டி நிற்கக் கூடாது.

இரண்டு: கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது. "உன் கிணறு என்னால்தான் கெட்டது என்று நீ நிரூபி" என்று குடியானவனைப் பார்த்துச் சொல்லும் பேச்சு இனி செல்லாது.

மூன்று: கெடுத்தவனே கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் தீராது. கெட்ட மண்ணையும் தண்ணீரையும் பழையபடி ஆக்குகிற செலவும் அவன் தலையிலேயே விழும்.

தீர்ப்பு வந்தது, பணம் வந்ததா?

நஷ்டத்தைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது 29,000-க்கு மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு, 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு நிர்ணயித்தது. எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்திருக்காது. பாக்கியுள்ள நஷ்டஈட்டைச் சர்க்காரே முதலில் கொடுக்கட்டும், பிறகு கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று அன்று சொல்லப்பட்டது. நடுவில் 24 வருஷம்! அன்று இடுப்பில் இருந்த குழந்தை இன்று தன் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறது.

இதற்கிடையில் 2023-ல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். 1986 சட்டத்தை மீறினால் ஐந்து வருஷம் வரை ஜெயில் என்று இருந்ததை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கினார்கள். அபராதத்தைக் கட்டாதவனுக்குத்தான் இப்போது ஜெயில் பயம். பெரிய முதலாளிக்கு அபராதம் என்பது இன்னொரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

நிலமில்லாதவருக்கு என்ன?

ஒரு கிராமத்தில் நஷ்டஈட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வயதான அம்மா எழுந்தார். "பட்டாக்காரர் பட்டாவைக் காட்டுவார். நாற்பது வருஷம் அந்த நிலத்தில் குனிந்து நட்ட நான் எதைக் காட்டுவேன், தம்பி?" என்று கேட்டார். நான் அன்று வாயடைத்து நின்றேன். பிறகு சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். அந்தத் தாய்க்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

2010-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. எந்தெந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்று அதில் ஒரு அட்டவணை உண்டு. பயிர், மண், தண்ணீர் என்பவற்றோடு "வேலை இழப்பு" என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவர்களுடைய பிரதிநிதியான அமைப்பும் மனுப் போடலாம். அதாவது சங்கம் போடலாம்! ஆனால் நஷ்டத்துக்கான காரணம் முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் போட வேண்டும். தூங்கினால் உரிமை போய்விடும். தென்னிந்தியாவுக்கான அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

"மூடினால் வேலை போகுமே!"

ஷாப்புத் தொழிலாளியிடம் முதலாளி இதைத்தான் சொல்கிறான். "விவசாயி வழக்குப் போட்டான், உன் பிழைப்பு போச்சு" என்று கிளப்பி விடுகிறான். தோழர்களே, ஏமாறாதீர்கள்! 1996 டிசம்பரில் கல்கத்தா தோல் ஷாப்புகளை நகரத்தை விட்டு மாற்றச் சொன்ன சுப்ரீம் கோர்ட், தொழிலாளியின் வேலை தொடர வேண்டும், மூடிக் கிடக்கும் காலத்துக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கெடுத்தது முதலாளி, தண்டனை தொழிலாளிக்கா?

விஷம் ஷாப்பு வாசலுக்கு வெளியே மட்டும் கொல்வதில்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டையில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, கழிவுச் சேற்றில் 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். வயலில் நிற்பவனுக்கும் ஷாப்பில் நிற்பவனுக்கும் எதிரி ஒன்றே.

நாளையே செய்ய வேண்டியது

ஊருக்கு ஊர் பட்டியல் எடுங்கள். எந்தக் கிணறு எந்த வருஷம் கெட்டது, எத்தனை ஏக்கர் தரிசானது, எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஷாப்புத் தோழர்களே, எந்த இரவில் எந்த மதகு திறக்கப்படுகிறது என்று உங்களைவிடத் தெரிந்தவர் யார்? சங்கத்துக்குச் சொல்லுங்கள். தனி ஆளாக நிற்க வேண்டாம். சங்கம் முன்னால் நிற்கும்.

கேட்பது பிச்சையல்ல, தீர்ப்பில் எழுதிய பாக்கி. கெடுத்தவன் கட்டட்டும்! கெட்டதைச் சீர்ப்படுத்தட்டும்! அதுவரை நடவுக்காரரும் ஷாப்புக்காரரும் தோளோடு தோள் நிற்போம்!