முதியோர் தரும் அதிகாரப் பத்திரம்

செகந்தராபாத்தை அடுத்துச் சைனிக்புரி என்னும் குடியிருப்பு உள்ளது. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் வீடு கட்டிக் குடியமர்ந்த இடம் அது. அத்தகைய இடங்களில் நாம் அடிக்கடி காணும் நிலை ஒன்று உண்டு. பெற்றோர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். மக்களுள் ஒருவர் உடன் இருக்கிறார். மற்றவர் கடல் கடந்து வாழ்கிறார். பாங்கிக்கும் பதிவு அலுவலகத்திற்கும் சென்று வர முதியவரால் இயலவில்லை. "எனக்குப் பதிலாக நீயே பார்த்துக்கொள்" என்று கூறி, உடனிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். வழக்கில் நாம் 'பவர்' என்பது இதனைத்தான். அன்பினால் எழுதப்பட்ட அப்பத்திரமே பின்னர் உடன்பிறந்தோரை நீதிமன்ற வாயிலில் நிறுத்திவிடுவதும் உண்டு.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் இரண்டு தவறான எண்ணங்களே எனலாம்.

அதிகாரம் பெற்றவர் சொத்துக்கு உடையவராகிவிட்டார் என்பது முதலாவது. அவர் முகவரேயன்றி உடையவர் அல்லர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அதிகாரம் தந்தவர் கேட்கும்போது கணக்குக் காட்டும் கடமையை முகவர்மீது சுமத்துகிறது. தந்தவர் அறியாமல் முகவர் தமக்கென அடைந்த ஆதாயத்தையும் திரும்பக் கோரலாம். அதிகாரப் பத்திரத்தைக் கொண்டே வீடு கைமாறிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

முதியவரின் நினைவு தடுமாறிய பின்னரும் பத்திரம் செல்லும் என்பது இரண்டாவது. அச்சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் தந்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் பொதுவாக முடிந்துவிடுகிறது. எப்போது மிகுதியும் தேவையோ, அப்போதே அது பயனற்றுப் போகிறது! சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் மனத்திறன் குன்றிய பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்திற்குத் தனிச் சட்டம் உண்டு. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. இங்கே காப்பாளரை நியமிக்குமாறு நீதிமன்றத்தையே அணுக வேண்டியுள்ளது. நினைவிழந்து கிடப்போருக்குக் காப்பாளர் நியமிக்கும் நெறிமுறைகளைக் கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் வகுத்தது.

செல்வர் இல்லத்திலும் இத்துன்பம் உண்டு. நியூயார்க்கின் புகழ்பெற்ற கொடையாளர் புரூக் ஆஸ்டர் அம்மையார் 2007-இல் தம் 105-ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவருடைய பேரன், தம் தந்தையின் பராமரிப்பு சரியில்லை என்று நீதிமன்றம் சென்றார். அம்மையாரின் பொருளை நிர்வகித்துவந்த மகன், தமக்குத் தாமே ஊதியத்தை உயர்த்திக்கொண்டது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2009-இல் தண்டனை பெற்றார்.

எனினும், உடனிருப்பவர் அனைவரையும் ஐயுறுவது அறமன்று. இரவில் மருந்து கொடுப்பவர் அவரே. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும் அவரே. தொலைவில் இருப்பவருக்கோ செலவு மட்டுமே தெரிகிறது, உழைப்புத் தெரிவதில்லை. இருவரையும் காப்பது கணக்கு ஒன்றுதான். திங்கள்தோறும் வரவு செலவை எழுதி, பாங்கிக் கணக்கின் நகலுடன் உடன்பிறந்தோர் அனைவருக்கும் அனுப்பிவிட்டால் ஐயத்திற்கு இடம் ஏது?

பத்திரம் எழுதும்போதும் முன்யோசனை வேண்டும். ஓய்வூதியம் பெறவும் வரி கட்டவும் மட்டும் தேவையெனில், விற்கும் அதிகாரத்தைச் சேர்த்தல் வேண்டா. எழுதப்பட்டதை முதியவருக்கு அவர் அறிந்த மொழியில் படித்துக் காட்டுதல் கடமை. அதிகாரத்தை ரத்துச் செய்தால், பாங்கிக்கும் பதிவு அலுவலகத்திற்கும் எழுத்துமூலம் தெரிவித்தல் வேண்டும். அறியாத பிறரைப் பொறுத்தவரை பழைய அதிகாரமே செல்லும். பராமரிப்பை எதிர்பார்த்து வீட்டைத் தானமாக எழுதுவோர், அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே குறித்துவிடுதல் நலம். அது மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் முதியோர் நலச் சட்டப்படி தீர்ப்பாயத்தை நாடலாம்.

இவற்றையெல்லாம் பேசுவதற்கு உரிய காலம், முதியவர் தெளிந்த நினைவோடு நம்முடன் அமர்ந்திருக்கும் காலமே. மக்கள் அனைவரும் கூடியிருக்கையில் அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வோமாக.