பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு

 

முதலில் ஒரு கேள்வி. மாலை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வகுப்பறை காலியாக இருக்கிறது. ஆனால் மின்விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. ஏன் யாரும் அணைக்கவில்லை?

"மறந்துவிட்டார்கள்" என்று சொல்வீர்கள். அது பாதி உண்மை. மீதி உண்மை என்ன? அந்த மின்கட்டணத்தை வகுப்பில் இருப்பவர்கள் கட்டுவதில்லை. அணைத்தால் அவர்களுக்கு லாபம் இல்லை. அணைக்காவிட்டால் நட்டமும் இல்லை. வீட்டில் இப்படி நடக்குமா? காலி அறையில் விளக்கு எரிந்தால் அம்மா சத்தம் போடுவார். ஏனென்றால் பணம் கட்டுவது அவர்தான்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நகரம் வழி கண்டது. அந்த நகரத்தின் பெயர் ஹாம்பர்க். அது ஜெர்மனி நாட்டில் இருக்கிறது. எல்பே ஆற்றின் கரையில் உள்ள பெரிய துறைமுக நகரம். அங்கே சுமார் 18 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள்.

ஹாம்பர்க் மக்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் உண்டு. 1962 பிப்ரவரி மாதம் ஓர் இரவு. பெரும் புயல் அடித்தது. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறி வந்தது. கரைகள் உடைந்தன. தூங்கிக்கொண்டிருந்த மக்களை வெள்ளம் சூழ்ந்தது. அந்த நகரத்தில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். அதன்பிறகு கரைகளை உயர்த்திக் கட்டினார்கள்.

ஆனால் கடலும் உயர்ந்துகொண்டே வருகிறது. ஏன்? நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு இவற்றை எரிக்கிறோம். அதனால் கரியமில வாயு வெளிவருகிறது. அது பூமியைச் சுற்றிப் போர்வைபோல் மூடுகிறது. பூமியின் சூடு வெளியே போக முடிவதில்லை. பனிமலைகள் உருகுகின்றன. கடல் நீரும் சூட்டில் விரிகிறது. கடல் மட்டம் ஏறுகிறது. கடல் ஏறினால் அடுத்த புயலில் வெள்ளமும் ஏறும். கரையை எத்தனை முறைதான் உயர்த்துவது? புகையையும் குறைக்க வேண்டும் அல்லவா?

1994இல் ஹாம்பர்க் நகரம் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் "ஐம்பதுக்கு ஐம்பது". திட்டம் மிக எளியது. பள்ளியின் மின்சாரச் செலவையும் அறையைச் சூடாக்கும் செலவையும் நகரம் கட்டி வந்தது. நகரம் பள்ளிகளிடம் சொன்னது: "முந்தைய ஆண்டுகளில் ஆன செலவைக் கணக்குப் பாருங்கள். அதைவிடக் குறைத்துக் காட்டுங்கள். மிச்சமாகும் பணத்தில் பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு."

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு பள்ளிக்கு மாதம் 4,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். அது 3,200 ரூபாயாகக் குறைந்தால் மிச்சம் 800 ரூபாய். பள்ளிக்கு 400, நகரத்துக்கு 400. பள்ளி தன் பங்கைத் தன் விருப்பம்போல் செலவு செய்யலாம்.

பிறகு என்ன நடந்தது? பள்ளிகளில் மாணவர் குழுக்கள் அமைந்தன. பிள்ளைகள் வெப்பமானியோடு அறை அறையாகப் போனார்கள். எந்த அறையில் சூடு அதிகம், எங்கே விளக்கு வீணாக எரிகிறது என்று எழுதினார்கள். அங்கே குளிர்காலம் கடுமையானது. சன்னலை நாள் முழுதும் சற்றே திறந்து வைத்தால் சூடெல்லாம் வெளியே போய்விடும். அதற்குப் பதில் ஐந்து நிமிடம் நன்றாகத் திறந்து, காற்று மாறியதும் மூடிவிட்டார்கள். அறையின் சூட்டில் ஒரு டிகிரி குறைத்தாலே சூடாக்கும் செலவில் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும்.

இதில் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கும் பெரிய பங்கு உண்டு. விடுமுறை நாளில் கொதிகலனைத் தணித்து வைப்பது அவர் கையில்தான் இருக்கிறது. தலைமை ஆசிரியர் மட்டும் உத்தரவு போட்டால் போதாது. எல்லாரும் சேர வேண்டும்.

இந்த முறை பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவியது. சுமார் 500 பள்ளிகள் சேர்ந்து இதைச் செய்து பார்த்தன.

சரி, தொழிற்சாலைகள்? 2001இல் ஹாம்பர்க் அவற்றுக்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறு பட்டறை, பேக்கரி, பெரிய ஆலை எதுவானாலும் சேரலாம். வல்லுநர் வந்து பார்ப்பார். கொதிகலன், குளிர்பெட்டி, காற்றழுத்தக் குழாய், விளக்கு எல்லாவற்றையும் சோதிப்பார். எங்கே வீணாகிறது என்று சொல்வார். சட்டம் கேட்பதற்கு மேலாகவே முதலாளி புதுக் கருவி போட்டால், நகரம் செலவில் ஒரு பங்கைத் தந்து உதவும்.

அந்நகரில் ஆரூபிஸ் என்ற பெரிய செம்பு உருக்காலை இருக்கிறது. செம்பை உருக்கும்போது வரும் வாயுவிலிருந்து கந்தக அமிலம் தயாரிக்கிறார்கள். அப்போது மிகுந்த சூடு உண்டாகும். முன்பு அதை ஆற்று நீரால் தணித்தார்கள். சூடு வீணாய்ப் போனது. 2018 முதல் அந்தச் சூட்டில் ஒரு பகுதி வெந்நீராகக் குழாய் வழியே துறைமுகத்தை ஒட்டிய புதிய குடியிருப்புக்குப் போகிறது. வீடுகளுக்குக் குளிர் தெரிவதில்லை. அதற்காகத் தனியாக எரிக்க வேண்டிய எரிபொருளும் மிச்சம்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டதா? இல்லை. ஸ்விட்சை அணைப்பது ஓரளவுக்குத்தான் உதவும். பழைய கட்டடத்தையும் பழைய கொதிகலனையும் பிள்ளைகளால் மாற்ற முடியாது. அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். 2025 அக்டோபரில் ஹாம்பர்க் மக்கள் இதற்காக வாக்களித்தார்கள். 2040க்குள் நகரம் பூமியைச் சூடாக்காத நிலையை அடைய வேண்டும் என்று பெரும்பான்மையோர் முடிவு சொன்னார்கள். முன்பு வைத்திருந்த கெடுவைவிட இது ஐந்து ஆண்டு முந்தியது. எதிர்த்தவர்களும் குறைவில்லை. வாடகை ஏறும், தொழில் பாதிக்கும் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையையும் தள்ளிவிட முடியாது.

"ஜெர்மனிக் கதை நமக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நம் நாட்டில் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரே ஒரு பல்பில் மாதம் 5 கிலோ கரியமில வாயு குறைகிறது. பணமும் மிச்சம்.

பள்ளிக்கூடத்திலும் இதைப் பேசலாம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்குபேர் பெற்றோர்கள். அங்கே எழுந்து கேளுங்கள்: "நம் பள்ளிக்கு மாதம் எத்தனை யூனிட் ஆகிறது? மிச்சம் பிடித்தால் அதில் பிள்ளைகளுக்கு என்ன பங்கு?"

அப்படிக் கேட்க என்ன வேண்டும்? மீட்டரில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். கட்டணச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அது இன்று உங்களுக்குத் தெரியும். மாதம் பிறந்ததும் முதல் தேதியன்று மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மீண்டும் எழுதுங்கள். இரண்டையும் கழித்துப் பாருங்கள். ஹாம்பர்க் பிள்ளைகளும் இப்படி எழுதித்தான் தொடங்கினார்கள்.