படமாளிகை கடையாகலாமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



பழம்பெரும் மாளிகைகளை வியாபாரத் தலங்களாக மாற்றுவது தகுமா என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் எனக்குப் பணித்தார். இப்படி விரிந்த பொருளை எடுத்துக்கொண்டு கலை, பண்பாடு, நாகரிகம் என்று மேகத்தில் உலவுவது எளிது. அதனை நான் விரும்பவில்லை. ஒரு நகரத்தின் ஒரு தெருவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே, பிறோட்வே என்பது அத்தெருவின் பெயர்.

அத்தெருவில் ஏறக்குறைய ஆறு சதுக்கங்களுக்குள்ளே பன்னிரண்டு நாடக, சினிமா மாளிகைகள் நிற்கின்றன. 1910ஆம் ஆண்டுக்கும் 1931ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒன்றுடன் ஒன்று போட்டியிட்டு எழுந்தவை அவை. அவற்றுள் ஒன்று டவர் தியேட்டர். எட்டாந் தெருவும் பிறோட்வேயும் சந்திக்கும் மூலையிலே, மணிக்கூண்டுடன் கூடிய கோபுரம் ஒன்றைத் தாங்கி நிற்கிறது. 1927ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அது திறக்கப்பட்டது. எஸ். சார்ள்ஸ் லீ என்னும் கட்டிடக் கலைஞர் அதற்கு வரைபடம் கீறியபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. பின்னாளில் எத்தனையோ படமாளிகைகளை அமைத்த அவருக்கு இதுவே முதல் மாளிகை. நிலமோ மிக ஒடுக்கமானது. அந்த ஒடுக்கத்துக்குள் 900 ஆசனங்களை அடக்கி, பாரிஸ் நகரத்து ஒப்பெரா மாளிகையை நினைவூட்டும் முன்மண்டபத்தையும் படிக்கட்டையும் வைத்து, வாயிலுக்கு மேலே வர்ணக் கண்ணாடிச் சாளரமும் பதித்தார். அக்கண்ணாடியிலே சினிமாப் படச் சுருள் ஒன்றும் சித்திரமாக நெளிகிறது. பேசும்படம் காட்டுவதற்கான கருவிகளுடன் அந்நகரத்தில் எழுந்த முதல் மாளிகை இதுவே என்பர்.

பின்னர் நடந்த கதையை யாவரும் ஊகித்துக்கொள்ளலாம். மோட்டார் கார் வந்தது. மக்கள் நகர மத்தியை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தொலைக்காட்சி வீட்டுக்குள் புகுந்தது. ஆயினும் அம்மாளிகைகள் உடனே மாண்டுவிடவில்லை. வசதி படைத்தவர் கைவிட்ட தெருவை ஸ்பானிய மொழி பேசும் தொழிலாள மக்கள் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். தங்கள் மொழிப் படங்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்து, பல ஆண்டுகள் அவற்றை வாழவைத்தார்கள். பழைய மாளிகைகளின் பெருமையை எழுதுவோர் இப்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது பெரிய அநீதி. திறந்த நாளில் விளக்கொளியில் வந்திறங்கிய நட்சத்திரங்களிலும் பார்க்க, சனிக்கிழமை இரவு பிள்ளைகளுடன் ரிக்கற் வாங்கி வந்தவர்களே மாளிகையைக் காத்தவர்கள்.

1979ஆம் ஆண்டில் அந்தத் தெரு தேசிய சரித்திரப் பதிவேட்டிலே சேர்க்கப்பட்டது. டவர் தியேட்டரை நகரசபையும் தனியே சரித்திரச் சின்னமாக்கியது. ஆனால் 1988இல் அதன் கதவுகள் மூடப்பட்டன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பிறர் எடுக்கும் சினிமாப் படங்களுக்கு உட்புறக் காட்சியாக மட்டும் அது இடையிடையே பயன்பட்டது. படம் காட்டிய மாளிகை படத்துக்குள்ளேயே போய்விட்டது!

ஈற்றில் 2021ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. உள்ளே இருந்தது அப்பிள் கொம்பனியின் கடை. கைத்தொலைபேசிகளும் கணினிகளும் மேசைகளில் பரப்பப்பட்டிருந்தன. மணிக்கூண்டையும் வர்ணக் கண்ணாடியையும் மேல்விதானத்தையும் கொம்பனி பெரும் பொருள் செலவிட்டுச் செப்பனிட்டிருந்தது. ஆசனங்கள் இருந்த தளத்தில் விற்பனை நடந்தது. பல்கனியிலே, பழுதடைந்த கருவிகளுடன் வந்தவர்கள் தம் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு சாரார், "கலைக்கோயிலைச் சந்தையாக்கினார்கள்" என்று கொதிக்கிறார்கள். மறுசாரார், "இடிந்து விழ விட்டிருக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். இரு பகுதியாரும் பேச மறக்கும் ஒன்று உண்டு. சரித்திரச் சின்னம் என்று பிரகடனஞ் செய்யும் சட்டம் எதைக் காக்கிறது? கல்லையும் சுதையையும் காக்கிறது. அங்கே என்ன நடக்கவேண்டும் என்பதை அது கட்டளையிடுவதில்லை. கல்லைக் கூட அது முற்றாகக் காப்பதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1962ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, சின்னமாக்கப்பட்ட ஒரு கட்டிடத்தை இடிக்க உரிமையாளர் முனைந்தால், 180 நாட்கள் அதனைத் தடுத்து வைக்கலாம். வேண்டுமாயின் இன்னுமொரு 180 நாட்கள் நீடிக்கலாம். சட்டம் தருவது தவணையே. அந்தத் தவணைக்குள் மாளிகையை வாழவைக்க யாராவது பணத்துடன் வரவேண்டும். வருபவர் பெரும்பாலும் வியாபாரியாகவே இருப்பார்.

ஆகவே கடையாகலாமா என்று கேட்பதை விட்டு, எப்படிப்பட்ட கடையாகலாம் என்று கேட்பதே பொருத்தம். இங்கே கொஞ்சம் கட்டிட நுட்பம் பேசவேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

படமாளிகையின் தளம் சரிவானது. பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னிருப்பவரின் தலை மறைக்காதிருக்க அச்சரிவு வேண்டும். சுவர்களிலே யன்னல் இராது. இருளே அதன் மூலதனம். கடைக்கு வேண்டியதோ இவற்றுக்கு நேர்மாறு: சமதளம், வெளிச்சம், சரக்கு இறக்கப் பின்வாயில், சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் தடையின்றிச் செல்லும் பாதை. ஆதலின் எந்த மாளிகை கடையானாலும் முதலில் அடிபடுவது தளம். சரிவின்மேல் பலகையாலோ இரும்பாலோ மேடை அமைத்து மட்டஞ் செய்யலாம். நாளை ஒருவர் அதனைக் கழற்றி மீண்டும் ஆசனம் போடலாம். சீமெந்தைக் கொட்டி நிரப்பினாலோ மாளிகையின் மீட்சிக்கு வழி அரிதாகிவிடும்.

ஹூஸ்ரன் நகரத்து அலபாமா தியேட்டரின் கதை இதற்குச் சாட்சி. 1939இல் பிறந்த அது 1983இல் மூடப்பட்டு, மறு ஆண்டே புத்தகக் கடையாயிற்று. சரிந்த தளத்தைப் படிப்படியாக்கி அப்படிகளில் புத்தக அடுக்குகளை நிறுத்தினார்கள். புத்தகம் தேடி இறங்குபவன் திரையிருந்த திசை நோக்கியே இறங்கினான். 2009இல் புத்தகக் கடையும் மூடப்பட, 2012இல் பலசரக்குக் கடை வந்தது. தள்ளுவண்டிக்குப் படி ஒவ்வாது, தளம் மட்டமாக்கப்பட்டது. முகப்பு நிலைத்தது, உள்ளிருந்த தியேட்டர் மறைந்தது. முதல் வியாபாரி நல்லவனாய் இருப்பது போதாது, அவனுக்குப் பின் வருபவனையும் ஒப்பந்தம் கட்டவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

நல்ல உதாரணம் வேண்டுமாயின் ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவனஸ் அயர்ஸுக்குச் செல்லவேண்டும். 1919ஆம் ஆண்டு மக்ஸ் குளூக்ஸ்மன் என்பவர் அங்கே கிராண்ட் ஸ்பிளென்டிட் என்ற நாடக மாளிகையைத் திறந்தார். ஆசனங்கள் 1,050. முதலாம் உலகப் போர் ஓய்ந்த காலமாதலால், நசரேனோ ஓர்லாந்தி என்ற ஓவியர் அதன் வட்ட விதானத்திலே சமாதானத்தைப் பொருளாக வைத்துச் சித்திரம் எழுதினார். நாடகம் நடந்தது, பின்னர் பேசும்படம் வந்தது, றேடியோ நிலையமொன்றும் அங்கிருந்து ஒலிபரப்பிற்று. 2000ஆம் ஆண்டில் அது புத்தகக் கடையாக மாறியது. ஆனால் மேடை மேடையாகவே இருக்கிறது; செந்நிறத் திரைச்சீலை இன்றும் தொங்குகிறது. மேடையில் மேசையிட்டுக் கோப்பி கொடுக்கிறார்கள். பக்கவாட்டுத் தனிமாடங்களில் இருந்து, புத்தகம் வாங்காமலே வாசிக்கலாம். எவரும் எழுப்பி விடுவதில்லை. செல்வர்கள் வாடகைக்கு அமர்ந்த மாடத்தில் காசில்லாத மாணவன் இருந்து வாசிக்கிறான். இந்த ஒன்றுக்காகவே அந்த மாற்றத்தை நான் மன்னிப்பேன், பாராட்டவும் செய்வேன்.

எதிர்க் கரையில் நிற்பது டெற்றொயிற் நகரத்து மிச்சிகன் தியேட்டர். 1926இல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆசனங்களுடன் எழுந்தது. அரை நூற்றாண்டின் பின் அதனை இடிக்க நினைத்தபோது, அதனோடு ஒட்டிய அலுவலகக் கட்டிடமும் ஆட்டங் காணும் என்று அஞ்சினார்கள். எனவே உள்ளேயிருந்தவற்றை அகற்றி, மூன்று தட்டுக் கார் நிறுத்துமிடமாக்கி விட்டார்கள். காரைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால் உடைந்த சுதைவேலைகள் தெரியும். ஹென்றி போர்ட் 1896இல் தம் முதல் மோட்டார் வண்டியைச் செய்த பட்டறை நின்றதும் அந்த இடத்திலேதான். கார் பிறந்த இடத்திலே தியேட்டர் எழுந்து, அதே கார் திரும்பி வந்து தியேட்டரை விழுங்கியது. கதாசிரியன் புனைந்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

இனி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கடையை நான் எதிர்க்கவில்லை. டவர் தியேட்டரின் கோபுரத்தைச் செப்பனிட முப்பது ஆண்டுகளாக வேறெவரும் முன்வரவில்லை. கலைக்காகக் கண்ணீர் விட்டவர்களுள் நானும் ஒருவனாக இருந்திருந்தால், என் கைக்குட்டை நனைந்திருக்குமே தவிர ஓட்டைக் கூரை அடைபட்டிராது. ஆனால் கடைக்காரர் செப்பனிட்டார் என்பதற்காக அவருக்கு நாம் கடன்பட்டவர்கள் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். வாடகைக்கு மேலாக அந்த மாளிகையின் அழகையும் அவர் தம் விளம்பரமாகப் பெறுகிறார். அமெரிக்காவிலே சரித்திரச் சின்னங்களை முறைப்படி புதுப்பிப்போருக்குச் செலவில் நூற்றுக்கு 20 வீதத்தை வரிச்சலுகையாக மத்திய அரசாங்கம் கொடுக்கிறது. பொதுமக்கள் பணத்திலிருந்து அவ்வாறு கொடுக்கப்படுமிடத்து, பொதுமக்கள் கேட்கவும் உரிமையுண்டு. தளத்தை நிரப்பாதே என்று கேட்கலாம். மேடையை மறைக்காதே என்று கேட்கலாம். மாதத்தில் ஓரிரவாவது மேசைகளை ஒதுக்கி, கதிரைகளைப் போட்டு, ஒரு படத்தையோ நாடகத்தையோ காட்டு என்று கேட்பதும் அதிகமாகாது.

இவ்விரவைப் பற்றி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடையிலே நூறு பேர் நிற்கலாம். நூறு பேரும் நூறு பொருளைப் பார்ப்பார்கள். தியேட்டரில் கலரியில் இருந்தவனும் முதலாம் வகுப்பில் இருந்தவனும் ஒரே கணத்தில் சிரித்தார்கள். விதானத்தின் பொன்வர்ணத்தை விலை கொடுத்து மீட்கலாம். அந்தச் சிரிப்பை மீட்க ஆட்கள் மீண்டும் வரிசையில் இருக்கவேண்டும்.

டவர் தியேட்டரின் பக்கத்திலே 1917இல் எழுந்த றியால்ரோ தியேட்டர் 2013இலேயே உடுப்புக் கடையாயிற்று. அதே தெருவில் 1926இல் கட்டப்பட்ட ஓர்பியம் தியேட்டரோ செப்பனிடப்பட்டு, மீண்டும் இசைக்கும் நாடகத்துக்கும் கதவு திறந்தது. ஒரே தெரு, ஒரே நகரசபை, ஒரே சட்டம். ஒன்றின் உரிமையாளர் பார்வையாளரைத் தேடினார். மற்றவர் வாடகைக்காரரைத் தேடினார். இதிலே யார் செய்தது சரியென்று சபையோர் தங்கள் கருத்தைக் கூறுமாறு கேட்டு அமர்கிறேன்.