மூன்றாவது பலகை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் பதவி, பட்டமெல்லாம் அறிமுகவுரையில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன்.

2011இல் ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரச் சிற்றூரில் இருந்தேன். ஊர் மக்களே கூடித் துடுப்புப் படகு கட்டும் வழக்கம் அங்கே அப்போது பரவிக்கொண்டிருந்தது. ஆன்ஸ்ட்ரதர் ஊரின் மீன்பிடி அருங்காட்சியகம் தொடங்கி வைத்த வேலை. இயன் ஓட்ரெட் என்பவர் வரைந்த ‘செயின்ட் ஏல்ஸ்’ படகு. நீளம் 22 அடி. நாலு பேர் ஆளுக்கொரு துடுப்பு, ஒருவர் சுக்கான். ப்ளைவுட் பலகைகள் வெட்டியே வந்துவிடும். படகைக் கவிழ்த்து வைத்து, ஓட்டுக்கூரை மாதிரி விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றி எபாக்சி பசையால் ஒட்ட வேண்டும். நம் மசூலாப் படகைக் கயிற்றால் தைப்பார்கள். இங்கே பசைதான் எல்லாம்.

சனிக்கிழமைதோறும் கூடுவோம். ஓய்வுபெற்ற தச்சர், டீச்சரம்மா, தபால்காரர், நான். ‘இன்ஜினியர்’ என்பதால் பசை கலக்கும் பொறுப்பு எனக்கு. ரெசினும் ஹார்டனரும் அளவு தப்பக்கூடாது. மூன்றாவது பலகை அன்று நான் பேசிக்கொண்டே கலக்கினேன். என்ன பேச்சு தெரியுமா? நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் நான் அரம் போட்ட பெருமை! எத்தனை பங்கு ஊற்றினேன் என்ற கணக்கு போச்சு.

அடுத்த சனி, பசை பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. குளிர்தான் காரணம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஹீட்டர் வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. அதற்கடுத்த சனி, "நான்தான் அளவைத் தப்பா போட்டேன்" என்று சொன்னேன். யாரும் பேசவில்லை. தச்சர் ஒரு சுரண்டியை என் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தாம் எடுத்துக்கொண்டார்.

பலகையைக் கழற்றிச் சுரண்டித் துடைக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று. அந்தக் கோடைப் போட்டிக்கு எங்கள் படகு போகவில்லை. டீச்சரம்மாவுக்கு வருத்தம்தான்; நாலைந்து வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதிலே தப்பு சொல்ல மாட்டேன்.

மறுபடி பசை கலக்கும் நாள் வந்தபோது நான் ஒதுங்கி நின்றேன். தச்சர் டப்பாவை என் முன்னால் தள்ளிவைத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு பங்குக்கும் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன்.

படகு தண்ணீரில் இறங்கிய அன்று எனக்கும் ஒரு துடுப்பு கிடைத்தது. சுக்கான் பிடித்த டீச்சரம்மா, "கண்ணை முன்னால வை" என்று இரண்டு தடவை அதட்டினார். என் பார்வை காலடியில், மூன்றாவது பலகையின் விளிம்பிலேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை.