எழுதுவோர்க்கும் நிரலாளர்க்கும் இடையே: நிறுவன வலைத்தள உள்ளடக்க மேலாண்மை

(மாநாட்டுத் தலைமை உரை)

ஒரு பெரிய நிறுவனத்தின் வலைத்தளத்தில் இடம்பெறும் எழுத்து, படம், படிவம், கோப்பு ஆகியவற்றைப் பலர் சேர்ந்து எழுதவும், திருத்தவும், மேலதிகாரியின் ஒப்புதல் பெறவும், குறித்த நேரத்தில் வெளியிடவும், காலம் கடந்தபின் நீக்கவும் உதவும் மென்பொருளே நிறுவன வலைத்தள உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் எனப்படுகிறது. சுருக்கமாக சிஎம்எஸ் என வழங்கும் இதனைக் கையாள்வோர் இரு தரப்பினர். மக்கள் தொடர்பு, விற்பனை, மனிதவளம், சட்டம் முதலிய பிரிவுகளில் பணியாற்றுவோர் ஒரு தரப்பு. என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது. நிரலாளர்கள் மறு தரப்பு. பக்கம் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்த அவர்களுக்கு அதில் வரும் செய்தியின் அருமை பல வேளைகளில் தெரிவதில்லை. இத்துறை குறித்த அறிக்கைகள் பெரும்பாலும் மென்பொருள்களின் வசதிகளைப் பட்டியலிட்டு ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. இவ்விரு தரப்பினருக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டது, யார் வரைந்தார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று ஆராய்வதுதான் இத்துறை ஆய்வின் நடுவிடத்தில் இருக்க வேண்டும் என்பதே இம்மாநாட்டின் தொடக்கத்தில் இவ்வுரை வலியுறுத்த விரும்புவது.

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் வைய விரிவு வலையை உருவாக்கி, 1991-இல் அது ஆய்வகத்துக்கு வெளியே அறிமுகமானபோது, பக்கம் என்பது ஒருவர் கையால் எழுதி சர்வரில் வைத்த ஒரு கோப்பாகவே இருந்தது. எழுதியவரும் அமைத்தவரும் ஒருவரே ஆனதால் எல்லைக்கோட்டுக்கு வேலை இருக்கவில்லை. நிறுவனங்கள் வலைக்கு வந்தபின் நிலைமை மாறியது. ஒரு தொலைபேசி எண்ணை மாற்றுவதென்றாலும் வெப்மாஸ்டர் என்ற ஒருவரின் மேசைக்குச் சென்று காத்திருக்க வேண்டியதாயிற்று. பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அந்தக் காத்திருப்பு நாள்கணக்கில் நீண்டது. 1990-களின் பிற்பகுதியில் தோன்றிய வணிக மென்பொருள்கள் இந்த நெருக்கடிக்கு விடையாகவே வந்தன. சிநெட் நிறுவனம் தன் செய்தித் தளத்துக்கென உருவாக்கிக்கொண்ட ஓர் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினைச் சேர்ந்த விக்னெட் நிறுவனம் ஸ்டோரிசர்வர் என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கத்தின் வடிவத்தை வார்ப்புருவாகவும் செய்தியைத் தரவுத்தளத்திலும் தனித்தனியே வைத்து, வாசகர் கேட்கும்போது இரண்டையும் இணைத்துத் தருவது அதன் முறை. செய்தித் தளத்தின் தேவையிலிருந்து இம்மென்பொருள் பிறந்ததைக் கருதிப் பார்க்கவேண்டும். நாள்தோறும் எழுதி வெளியிடுவோரின் அவசரமே முதல் வடிவத்தைத் தீர்மானித்தது.

இன்டர்வோவன் நிறுவனத்தின் டீம்சைட் வேறொரு வழியை மேற்கொண்டது. அதில் எழுதும் ஒவ்வொருவருக்கும் வலைத்தளம் முழுவதன் ஒரு நிகர்ப்படி தனி வேலையிடமாகக் கிடைக்கும். திருத்தம் முடிந்ததும் அது பொதுவான ஒத்திகை இடத்துக்குச் சென்று, பிறர் திருத்தங்களோடு ஒன்றுசேர்ந்து, பின்னர் ஒரு பதிப்பாக உறையவைக்கப்படும். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைக் கையாளும் ஒழுங்கு அப்படியே எழுத்துக்கும் பொருத்தப்பட்டது என்று இதைச் சொல்லலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்று சட்டப்படி காட்டவேண்டிய வங்கி போன்ற நிறுவனங்களுக்கு இந்த ஒழுங்கு மிகவும் உகந்தது. ஒரு வரியை மட்டும் திருத்த வந்தவருக்கோ வேலையிடம், கிளை, ஒப்படைப்பு என்னும் கருத்துகளெல்லாம் சுமையாயின. எல்லைக்கோடு நிரலாளரின் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

2001-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ட்ரீஸ் பொய்தார்த் வெளியிட்ட ட்ரூபல், 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் ஆகிய திறமூல மென்பொருள்கள் விலைத்தடையை நீக்கின. திறமூலம் என்பது மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் முறை. விலையைக் காட்டிலும் இவ்விரண்டும் எல்லைக்கோட்டை வரைந்த விதமே ஆய்வுக்கு உரியது. ட்ரூபலில் உள்ளடக்கம் வகைகளாகவும், ஒவ்வொரு வகையும் தலைப்பு, நாள், இடம், தொடர்பு எண் என்பன போன்ற புலங்களாகவும் பிரிக்கப்படுகிறது. எந்தப் புலங்கள் வேண்டும் என்பதை நிரல் எழுதாமலே திரையில் தேர்ந்து அமைக்கலாம். வேர்ட்பிரஸ் எழுதுவோரின் வசதியை முன்னிறுத்தியது. 2018 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பில் பத்தி, படம், பட்டியல் முதலியவற்றைத் தனித்தனித் தொகுதிகளாக அடுக்கி எழுதும் புதிய தொகுப்பி இணைக்கப்பட்டது. திரையில் தனித்தனியே தெரியும் அத்தொகுதிகள் தரவுத்தளத்தில் பெரும்பாலும் ஒரே நீண்ட எழுத்துச்சரமாக, இடையிடையே மறைகுறிப்புகளுடன் சேமிக்கப்படுகின்றன. எழுதுவோருக்கு இது தரும் விடுதலை பெரிது. ஆயினும், பிற்காலத்தில் தளத்திலுள்ள எல்லாத் தொலைபேசி எண்களையும் தனியே எடுத்துத் தரக் கேட்டால், எது எண், எது வெறும் எழுத்து என்று அந்தச் சரத்துக்குத் தெரியாது.

உள்ளடக்கத்தில் என்னென்ன வகைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் என்னென்ன புலங்கள் இருக்கும், அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறும் என்று முன்கூட்டியே வகுப்பதற்கு உள்ளடக்க மாதிரி என்று பெயர். இந்த மாதிரியை வகுப்பதே இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர வேண்டிய வேலை. நடைமுறையில் இது நிரலாளர்களிடமே விடப்படுகிறது. எழுதுவோர் அதைக் காண்பது பணி முடிந்து பயிற்சி வகுப்பு நடக்கும் நாளில்தான். இத்துறையில் பெரும்பணம் செலவிட்டும் பயன்படாமற்போகும் திட்டங்கள் பலவற்றின் நோய்முதல் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு மாறான முயற்சிக்கு ஐக்கிய இராச்சியத்தின் அரசு வலைத்தளமான கவ்.யூகே தக்க சான்று. மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010-இல் அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு உருவாக்கிய இத்தளம் 2012 அக்டோபரில், டைரக்ட்கவ், பிசினஸ்லிங்க் என்னும் இரு பழைய தளங்களுக்கு மாற்றாக வந்தது. 2013 மே மாதத்துக்குள் அமைச்சகங்கள் 24-உம் இதனுள் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ஆண்டு விருதும் இதற்குக் கிடைத்தது. அங்கே கடையிலிருந்து வாங்கிய மென்பொருளுக்குப் பதிலாக, ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் உரிய தொகுப்பிகள் சொந்தமாகவே உருவாக்கப்பட்டன. எழுதுவோருக்கு எழுத்துருவையோ நிறத்தையோ தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள் தரப்படவில்லை. எளிய குறிகளால் அமைப்பைச் சுட்டும் மார்க்டவுன் முறையை விரித்துக் கவ்ஸ்பீக் என்ற குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. முகவரி ஒன்றை இடுபவர் அதன் முன்னும் பின்னும் டாலர் குறியோடு ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் போதும், அது முகவரி என்று அமைப்புக்குத் தெரிந்துவிடும், தோற்றத்தை அமைப்பே பார்த்துக்கொள்ளும். கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இருந்தும் அது நிலைத்ததற்குக் காரணம், உள்ளடக்க வடிவமைப்பாளர் என்ற தனிப்பணியை உருவாக்கி, குடிமக்களுக்கு எது தேவை என்று ஆராய்ந்து எழுதுவோரை நிரலாளர்களோடு ஒரே குழுவில் அமர்த்தியதே. எல்லைக்கோடு இருந்தது, அதை இருவரும் சேர்ந்து வரைந்தார்கள்.

அண்மைக்காலத்தில் ஹெட்லெஸ் என்ற முறை பரவியிருக்கிறது. உள்ளடக்கத்தைச் சேமித்து ஏபிஐ என்னும் இடைமுகம் வழியாக வெறும் தரவாக வழங்குவதோடு மென்பொருள் நின்றுகொள்ள, வலைப்பக்கம், கைபேசிச் செயலி, கடைத்தெருவிலுள்ள காட்சித்திரை என எங்கு, எப்படிக் காட்டுவது என்பதை நிரலாளர்கள் தனியே எழுதிக்கொள்வது இம்முறை. பெர்லினில் தோன்றிய கான்டென்ட்ஃபுல் இதில் முன்னோடிகளுள் ஒன்று. நிரலாளர்களுக்கு இது பெரும் சுதந்திரம். எழுதுவோரோ, தாம் எழுதுவது எங்கே, எந்த வடிவில் தோன்றும் என்று பார்க்க முடியாமல், வெற்றுப் பெட்டிகளை நிரப்பும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். இதன் எதிர்வினையாக, முன்பார்வை வசதியை இத்தகைய மென்பொருள்கள் மீண்டும் சேர்க்கத் தொடங்கின. 2010-இல் பேசல் நகரத்து டே சாஃப்ட்வேர் நிறுவனத்தை வாங்கி இத்துறையில் நுழைந்த அடோபி, 2023-இல் வேர்ட் கோப்பிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதியதை நேரே பக்கமாக்கும் முறையையும் அறிமுகம் செய்தது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் எழுதுவோர் தமக்குப் பழகிய தாளையே நாடுகின்றனர் என்பதை இத்துறை உணர்ந்து ஏற்கவேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று மட்டும். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் தரவுத்தளத்துக்குள் கட்டளைகளை நுழைக்க இடம்தரும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டு, அன்றே திருத்தமும் வெளியானது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைச் சேர்க்காத தளங்கள் தாக்குதலுக்கு உள்ளாகிவிட்டதாகவே கருதிச் செயல்பட வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழு அடுத்த இரு வாரங்களில் எச்சரித்தது. வெளியீடு, ஒப்புதல் பற்றியெல்லாம் விதி வகுக்கும் நிறுவனம், இரவில் வரும் திருத்தத்தை யார் ஏற்றுவது என்பதையும் வகுத்திருக்க வேண்டும்.

பன்மொழித் தளங்களில் இந்த எல்லைக்கோடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொதுத்தளத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களின் வலைத்தளங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்குகின்றன. இருமொழித் தளம் எதற்கும் உள்ள பெரும் ஆபத்து, ஒரு மொழிப் பக்கம் திருத்தப்பட்டபின் மறுமொழிப் பக்கம் பழையபடியே நிற்பதாகும். 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8, பன்மொழி வசதியை அடிப்படை அமைப்பிலேயே சேர்த்து, எந்தப் புலம் மொழிபெயர்க்கத்தக்கது என்று புலந்தோறும் குறிக்க இடமளித்தது. அலுவலகத்தின் பெயர் மொழிக்கு மொழி மாறும். அதன் தொலைபேசி எண் மாறாது. எண்ணைப் பொதுப்புலமாக வைத்தால் ஒருமுறை திருத்தியதும் இரு மொழிப் பக்கங்களும் சரியாகும். பத்திக்குள் எழுத்தோடு எழுத்தாகப் புதைத்தால், தமிழ்ப் பக்கத்தை நம்பி அழைப்பவர் பழைய எண்ணையே சுழற்றுவார். மூலப்பக்கத்தைத் திருத்தி முடிக்கும்போது, பிற மொழிபெயர்ப்புகள் பழையனவாகிவிட்டன என்று குறிக்க ஒரு சிறு கட்டமும் அதே திரையில் உண்டு. அக்கட்டத்தைத் தொட வேண்டியவர் ஆங்கிலத்தில் திருத்தியவரா, தமிழில் பெயர்ப்பவரா, குறியிட்டபின் எத்தனை நாளில் தமிழ்ப் பக்கம் புதுப்பிக்கப்பட வேண்டும், அதுவரை அதைப் படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை வரி காட்டப்பட வேண்டுமா என்னும் கேள்விகளுக்கு எந்த மென்பொருளும் தானே விடை தருவதில்லை. அவற்றையே இம்மாநாட்டின் முதல் அமர்வு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இவ்வுரை முன்மொழிகிறது.