கேளிக்கைப் பூங்காவுக்கு எத்தனை நாள்?



கோடை விடுமுறை நெருங்குங்கால் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகின்றது. "ஐதராபாத்துக்குப் போவோம், அங்குள்ள பூங்காக்களைப் பார்க்கக் குறைந்தது நான்கு நாள் வேண்டும்" என்பார்கள் பிள்ளைகள். "ஊரில் பாட்டி வழி பார்த்துக்கொண்டிருப்பாரே, ஒரு நாள் போதாதா?" என்பார் தாயார். விடுப்பு வழங்க வேண்டிய மேலதிகாரிக்கோ இவ்விரு கட்சிகளைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. வழக்கைத் தீர்ப்பதற்கு வேண்டிய கணக்கை நாம் இன்று பார்ப்போம்.

நான்கு நாள் என்னும் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? அது கடல் கடந்து வந்த கணக்கு. வால்ட் டிஸ்னி 1955-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தம் முதற் பூங்காவைத் திறந்தார். அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1971-இல், புளோரிடாவில் திறக்கப்பெற்ற டிஸ்னி வேர்ல்டு அதனினும் பன்மடங்கு பெரியது. அங்கே 1971, 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பெரும் பூங்காக்கள் எழுந்தன. பூங்காவுக்கு ஒரு நாள் வீதம் நான்கு நாள் என்பது அவ்விடத்துக்கு நியாயமே. நாட்கள் கூடக் கூட, நாளொன்றுக்கு விழும் நுழைவுக் கட்டணம் குறையும் வண்ணம் அங்கே சீட்டு விற்கின்றனர். ஆகவே வந்தவர் மேலும் ஒரு நாள் தங்கிவிடுகிறார். அமெரிக்காவிலே பணிபுரியும் நம் உறவினர் தொலைபேசியில் சொல்லும் கணக்கு இதுதான். நம் நாட்டுப் பூங்காக்களுக்கு அதை அப்படியே பொருத்துவது தகாது.

நம் நாட்டில் இத்தகைய பூங்காக்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பார்த்து முடிக்கக் கூடியவை. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமாகிய அப்பு என்னும் யானைக்குட்டியின் பெயரைத் தாங்கி, 1984-இல் டில்லி பிரகதி மைதானத்தில் அப்பு கர் திறக்கப்பெற்றது. 2008-இல் அது மூடப்படும் வரை, தலைநகரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையே அதற்குப் போதுமானதாக இருந்தது. கல்கத்தாவில் 1991 முதல் நிக்கோ பார்க் இருக்கின்றது. பெங்களூரை அடுத்த பிடதியில் வொண்டர்லா இருக்கின்றது. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே, கோப்போலிக்கு அருகில், 2013-இல் இமேஜிக்கா திறக்கப்பெற்றது. இந்நகரங்களில் வாழ்வோர் தத்தம் பூங்காவை ஒரு சாதாரண விடுமுறை நாளில் பார்த்துவிடலாம். அதற்காக ஆண்டு விடுப்பில் கை வைக்க வேண்டுவதில்லை.

இனி ஒரு நாளில் எவ்வளவு பார்க்க இயலும் என்பதைக் கணக்கிடுவோம். இதை நிர்ணயிப்பது பூங்காவின் விஸ்தீரணமன்று, வரிசையின் நீளமே. ஒரு ரோலர் கோஸ்டர் வண்டியில் 24 பேர் அமரலாம் என்றும், மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அது புறப்படுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 480 பேர் ஏறுவர். நமக்கு முன்னே 480 பேர் நின்றால், இரண்டு நிமிட ஓட்டத்துக்கு நாம் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏழு மணி நேரம் திறந்திருக்கும் பூங்காவில் அப்படிப்பட்ட ஏழு வரிசைகளோடு பொழுது சாய்ந்துவிடும். உணவுக்கு ஒரு மணி ஒதுக்கினால் ஆறுதான். முன்னே 120 பேர் மட்டும் நிற்கும் நாளிலோ காத்திருப்பு கால் மணியாகச் சுருங்கும். ஆகவே கூட்டமான காலத்தில் இரண்டு நாள் சென்று, குடும்பம் முழுமைக்கும் இரண்டு முறை கட்டணம் செலுத்திக் காண்பதைக் காட்டிலும், கூட்டமில்லாத வார நாளில் ஒரு முறை சென்று மிகுதியாகவே காணலாம்.

பிள்ளைகளின் உயரத்தையும் வீட்டிலேயே அளந்துகொள்வது நல்லது. 140 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களை ஏற்றிக்கொள்ளாத இராட்டினங்கள் பல உண்டு. எட்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் அவ்வுயரத்தை எட்டியிராது. நெடுந்தூரம் பயணம் செய்து வந்த குழந்தை, வாயிற்படியில் அளவுகோலுக்கு முன்னே நின்று, கண் கலங்கித் திரும்புவது பரிதாபமான காட்சி. இரண்டு ஆண்டு பொறுத்துச் சென்றால் அதே சீட்டுக்கு இருமடங்கு இன்பம் கிடைக்கும்.

ஐதராபாத்துக்கு வருவோம். பிள்ளைகள் கேட்பவை அங்கே இரண்டு இடங்கள். ஒன்று, 1996-இல் ராமோஜி ராவ் நிறுவிய ராமோஜி பிலிம் சிட்டி. நகரிலிருந்து விஜயவாடா சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அது விரிந்துள்ளது. உள்ளே பேருந்தில் ஏற்றிச் சென்று அரண்மனை, தெரு, ரயில் நிலையம் என ஒவ்வோர் அரங்காகக் காட்டுகின்றனர். 'பாகுபலி'க்காக எழுப்பிய அரங்குகளும் அங்கே உண்டு. பரப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். வண்டியில் அமர்ந்தே பெரும் பகுதியைக் காண்பதால் முழுதாக ஒரு நாள் போதும்; முதியோருக்கும் ஏற்ற இடம். மற்றொன்று, நகருக்குத் தெற்கே 2016-இல் திறக்கப்பெற்ற வொண்டர்லா. அது நீரிலும் உயரத்திலும் உடலைப் புரட்டியெடுக்கும் பூங்கா. அதற்கும் ஒரு நாளே. இரண்டையும் காண விரும்புவோர் வொண்டர்லாவை முதல் நாளும், பிலிம் சிட்டியை மறு நாளும் வைத்துக்கொள்வது நலம். கைகால் வலியோடு பேருந்தில் அமர்ந்து அரண்மனை பார்க்கலாம். அவ்வலியோடு மறுநாளும் சறுக்குமரம் ஏற இயலாது.

பூங்காவுக்கு இரண்டு நாள் என்று ஆயிற்று. ஆனால் அந்த இரண்டு நாளும் எதிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பதே நம் போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியது. டில்லியிலுள்ள ஒருவர் பத்து வேலை நாட்களுக்கு விடுப்புப் பெற்றால், சனி ஞாயிறுகளோடு சேர்ந்து பதினாறு நாள் கிடைக்கும். வெள்ளி இரவு ரயிலேறினால் ஞாயிறு காலை சென்னை. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூராயின் வீடு சேர ஞாயிறு இரவாகும். திரும்பும்போது ஐதராபாத் வழியே வருவதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் செவ்வாயன்று ஊரை விட்டுப் புறப்பட்டு, மாலையில் சென்னையில் ரயிலேறி, புதன் காலை ஐதராபாத்தில் இறங்குவோம். வியாழனும் வெள்ளியும் பூங்காக்கள். சனிக்கிழமை அதிகாலை டில்லி வண்டி. ஞாயிறு காலை வீடு. இக்கணக்கில் ஊரிலே முழுதாகத் தங்குவது எட்டு நாள். அதில் குலதெய்வக் கோயிலுக்கு ஒரு நாள், ஏதேனும் ஒரு திருமணத்துக்கு இரண்டு நாள், பத்திரம் பட்டா என்று அலுவலகங்களில் ஒரு நாள் கழியும். எஞ்சிய நான்கு நாட்களே தாய் தந்தையரோடு திண்ணையில் அமர்ந்து பேசுவதற்கு. பூங்காவில் மேலும் இரண்டு நாள் என்று பிள்ளைகள் கேட்பது அந்த நான்கில் இரண்டைத்தான். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல், தாளில் கட்டம் போட்டுக் காட்டிவிடலாம். பெரும்பாலான பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

இறங்கிய புதன்கிழமையன்றே பூங்காவுக்கு ஓட வேண்டாம். அன்று குளித்து இளைப்பாறி, பிற்பகலில் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அது வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஆதலால் புதனே அதற்குத் தக்க நாள்.

ஊருக்குப் போகும் வழியில் பூங்காவைப் பார்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு நாட்காட்டி இடம் தருவதில்லை. டில்லிப் பள்ளிகள் மே மாத நடுப்பகுதியை ஒட்டி மூடி, ஜூன் முடியும் வரை விடுமுறையில் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளோ ஜூன் தொடக்கத்தை ஒட்டியே திறந்துவிடுகின்றன. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் நம் குழந்தைகளோடு ஆற்றங்கரையில் ஆடித் திரிய வாய்ப்பது மே மாதக் கடைசி இரு வாரங்களில் மட்டுமே. அந்நாட்களை ஐதராபாத்தில் 40 பாகைக்கு மேற்பட்ட வெயிலில், உள்ளூர் விடுமுறைக் கூட்டத்தின் நடுவே கழிப்பது வீண். ஜூன் 12-ஐ ஒட்டித் தெலுங்கானாப் பள்ளிகள் திறக்கும். தென்மேற்குப் பருவமழையும் வழக்கமாக அதே வாரத்தையொட்டி அங்கே தொடங்கும். அப்போது வார நாளில் சென்றால் வெயிலும் தணிந்திருக்கும், வரிசையும் குறுகியிருக்கும். இடி மின்னலின்போது உயரமான இராட்டினங்களை நிறுத்திவைப்பார்கள். அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ஆகவே மனைவி மக்கள் மே மாதத்திலேயே ஊர் சென்றுவிட, குடும்பத் தலைவர் மாத இறுதியில் போய்ச் சேர்ந்து, எல்லோருமாக ஐதராபாத் வழியே திரும்புதல் உத்தமம்.

கணவனும் மனைவியும் அலுவலகம் செல்லும் குடும்பங்களுக்கு இவ்வழி பொருந்தாது. அவர்கள் மே மாத விடுப்பை ஊருக்கே முழுமையாக வைத்துக்கொண்டு, பூங்காவைக் குளிர்காலத்தில் மூன்று நாள் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது நம் கருத்து.

மத்திய அரசு ஊழியர்களுக்கு மற்றொரு சபலமும் உண்டு. நான்கு ஆண்டுத் தொகுதி ஒன்றில் சொந்த ஊருக்கு இரு முறை பயணச் சலுகை உண்டு. அவற்றுள் ஒன்றை இந்தியாவின் வேறெந்த இடத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய தொகுதி 2026 முதல் 2029 வரை. மாற்றிக்கொண்டால், சலுகையில் ஊருக்குச் செல்லும் வாய்ப்பு நான்கு ஆண்டுக்கு ஒன்றாகிவிடும். காசுமீரத்துக்கோ அந்தமானுக்கோ மாற்றுவதைக் குறை கூறமாட்டோம். இரண்டு நாள் பூங்காவுக்காக மாற்றுவது நட்டமே. ஊர்ச் சலுகையிலேயே சென்று ஐதராபாத் வழியாகத் திரும்பினால், குறுகிய நேர்வழிக் கட்டணம் வரையில் அரசு தரும். எஞ்சிய சிறு தொகை நம் பொறுப்பு.

ஊரிலிருந்து திரும்பும்போது பாட்டியையும் சில மாதத்துக்கு உடன் அழைத்து வருவோர் பலர். அவரை வொண்டர்லாவுக்கு இழுத்துச் செல்ல வேண்டாம். வியாழனன்று விடுதியில் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும், துணைக்குப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். வெள்ளியன்று பிலிம் சிட்டிக்கு வந்தால் அரண்மனை அரங்கைக் கண்டு அவரும் களிப்பார். அவருக்கு இரு வண்டியிலும் கீழ்ப் படுக்கை வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகின்றது; ஜூன் இரண்டாம் வாரப் பயணத்துக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே சீட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.